'அடி' என்ற ஒரே சொல்லில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். அகராதி வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

சீட்டுக்கட்டு:

வணக்கம். தமிழ் கற்பவர்களுக்கான ஒரு தமிழ்–தமிழ் அகராதியில் மூன்று பேர் வேலை செய்கிறோம். எனக்கு விழுந்தது 'அ'. கடினமான சொற்கள்தான் உயிரை எடுக்கும் என்று நினைத்து உள்ளே வந்தேன். நடந்தது நேர்மாறு. 'அகழி', 'அங்கதம்', 'அசரீரி' எல்லாம் வரிசையாக வந்தன, வரிசையாகப் போயின. ஒரே காலையில் இருபது சொல் முடித்த நாளும் உண்டு. அப்புறம் 'அடி' வந்தது. இன்றோடு நான்கு நாள்.

எங்கள் தரவில் இந்தச் சொல் வரும் வாக்கியங்களைத் துண்டுத் துண்டாக வெட்டி மேசையில் குவியல் போட்டேன். பையனை அடித்தான், ஒரு குவியல். மணி அடித்தது, இன்னொன்று. ஆணி அடித்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். செடிக்கு மருந்து அடித்தான். வெயில் அடிக்கிறது. நாற்றம் அடிக்கிறது. கண் அடித்தாள். அரட்டை அடித்தார்கள். பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பி அடித்தான். சதம் அடித்தார். கல்லாவில் இருந்து பணத்தை அடித்துவிட்டான். மாலைக்குள் பத்தொன்பது குவியல். மறுநாள் வந்து பார்த்தால் அதில் ஆறை ஏன் பிரித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை, சேர்த்துவிட்டேன். மதியத்துக்கு மேல் அதில் நான்கை மறுபடி பிரித்தேன்.

கடைசியாக என்னை உட்காரவைத்த வாக்கியம் இது: 'அழைப்பிதழில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.' அச்சிட்டார்களா, நீக்கினார்களா? இரண்டும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

கேள்வி இதுதான். எங்கே பிரிப்பது, எங்கே நிறுத்துவது? அகராதி எழுதுபவர்கள் இதற்கு ஏதாவது முறை வைத்திருக்கிறார்களா, அல்லது எல்லோரும் என்னைப்போலத்தான் காலையில் சேர்த்து மாலையில் பிரிக்கிறார்களா?

பழைய பிழைதிருத்தி:

அம்மா, முதலில் ஆறுதலாக ஒன்று. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட பதிவு ஏதோ லத்தீன் கலைச்சொல்லுக்கு அல்ல, 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு. வினைக்கு மட்டும் 430 பொருள். சின்னச் சொல்தான் ஆளைத் தின்னும். நீங்கள் நான்கு நாளில் அலுத்துக்கொள்கிறீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். குவியல் போடுமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மேசையில் இருப்பது ஒரு 'அடி' அல்ல, குறைந்தது மூன்று. பாதம் என்ற 'அடி' ஒன்று. அதிலிருந்துதான் ஆறடி நீளமும், செய்யுளின் நாலடியும், மரத்தடியும் வருகின்றன. பாதத்தில் தொடங்கிக் கீழ்ப்பகுதி வரை ஒரு நூல் ஓடுகிறது பாருங்கள். தாக்குதல் என்ற 'அடி' வேறு. 'அடி பெண்ணே' என்று கூப்பிடும் 'அடி' மூன்றாவது. இவற்றை ஒரே தலைச்சொல்லுக்கு அடியில் போடாதீர்கள். மேலே சின்னதாக 1, 2, 3 என்று எண் கொடுத்துத் தனித்தனிப் பதிவாக வையுங்கள். ஒலி ஒன்றானதாலேயே சொல் ஒன்றாகிவிடாது. 'படி' எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் படித்தான், தூசி படிந்தது. இறந்தகால வடிவமே வேறாக இருக்கிறது. இலக்கணமே காட்டிக்கொடுத்துவிட்ட பிறகு நாம் என்ன யோசிப்பது?

அது முடிந்ததும் வினையான 'அடி'க்கு வாருங்கள். நான் பயன்படுத்திய சோதனைகளைச் சொல்கிறேன்.

முதல் சோதனை, வேறு சொல்லைப் போட்டுப் பார்ப்பது. சுண்ணாம்பு அடித்தான், பூசினான். நடக்கிறது. மருந்து அடித்தான், பூசினான். நடக்கவில்லை, தெளித்தான் என்றுதான் வரும். அப்படியானால் இரண்டு குவியல்.

இரண்டாவது, ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் கட்டிப் பார்ப்பது. இதை நான் சிரிப்புச் சோதனை என்பேன். 'ஆணியும் அரட்டையும் அடித்தான்.' சிரிப்பு வருகிறது அல்லவா? அப்போது பொருள் வேறு. 'சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்தான்.' யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒன்றுதான்.

மூன்றாவது, எழுவாய் யார் என்று கேட்பது. பையனை அடித்தவன் ஒருவன் இருக்கிறான். வெயில் அடிக்கும்போது அப்படி ஒருவன் இல்லை. 'யாரை அடித்தது?' என்றும் கேட்க முடியாது.

சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படும், தெரிந்துகொள்ளுங்கள். 'சுவருக்குச் சுண்ணாம்பும் செடிக்கு மருந்தும் அடித்தான்' என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் சோதனை பிரி என்கிறது, இரண்டாவது சேர் என்கிறது. அங்கே யார் அகராதியைத் திறக்கப்போகிறார் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். கற்பவருக்கான அகராதி என்றால் நான் பிரிப்பேன்.

நேர்கோடு:

இதற்கு நான்கு நாளா? செயற்கை நுண்ணறிவிடம் கேளுங்கள், இரண்டு நிமிடத்தில் பொருள், உதாரணம், இலக்கணக் குறிப்பு எல்லாம் வந்துவிடும். இந்தக் காலத்தில் போய்க் காகிதம் வெட்டிக்கொண்டு...

சீட்டுக்கட்டு:

கேட்டேனே, முதல் நாளே. நன்றாகத்தான் எழுதியது. அதுதான் தொல்லை. பதினொரு பொருள், ஒவ்வொன்றுக்கும் அழகான உதாரண வாக்கியம். 'அந்த வாக்கியத்தை யார் எழுதினார்?' என்று எங்கள் ஆசிரியர் கேட்டார். யாரும் எழுதவில்லை. அகராதிக்கு வேண்டியது 'இப்படிச் சொல்லலாம்' என்ற வாக்கியம் அல்ல, 'இப்படிச் சொன்னார்கள்' என்பதற்குச் சாட்சி. 'பெயரை அடித்துவிட்டார்கள்' என்பதில் 'நீக்கு' என்ற பொருளும் அந்தப் பதினொன்றில் இல்லை. என் துண்டுச் சீட்டில் இருந்தது.

பழைய பிழைதிருத்தி ஐயா, மிக்க நன்றி. சிரிப்புச் சோதனையை இன்றே மேசையில் ஒட்டிவிட்டேன். பத்தொன்பது பதினான்காகியிருக்கிறது.

நிரல்மாலை:

இயந்திரத்தை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம் அக்கா, அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் பொறுக்கி, சொல்லை நடுவில் நிறுத்தி, இடமும் வலமும் நான்கைந்து சொற்களோடு வரிவரியாக அடுக்கித் தருவது. அப்படி அடுக்கி வலப்பக்கச் சொல்லை வைத்தோ இடப்பக்கச் சொல்லை வைத்தோ வரிசைப்படுத்தினால் குவியல் பாதி தானாகவே விழுந்துவிடும். 1987-இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் குழு கொண்டுவந்த கோபில்ட் அகராதி இப்படி அடுக்கிய வரிகளை வைத்துத்தான் எழுதப்பட்டது.

தமிழில் இதைச் செய்யும்போது வரும் கூத்தே தனி. 'அடி' என்று தேடினால் 'உடனடியாக' வரும். 'நேரடி', 'கண்ணாடி' எல்லாம் வரிசையில் நிற்கும். ('கண்ணாடி' எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், என் நிரலில் குறில் நெடில் பார்க்காத ஒரு கட்டம் இருந்தது, அது தனிக்கதை.) சரியென்று தனிச்சொல்லாக மட்டும் தேடினால் 'அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' தப்பித்துப் போய்விடும். ஒரு வினையடி எத்தனை உருவம் எடுக்கும் என்று எண்ணத் தொடங்கினால் ஆயிரங்களில் போய் நிற்கும். ஒட்டு நீக்கிக் கொடுக்கும் கருவி இருந்தாலும் 'அடிப்படை'யை 'அடிப்பு அடை' என்கிற மாதிரி ஏதாவது செய்துவிடும். கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, அகர வரிசை. கணினியிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் ஒருங்குறி (யூனிகோடு) எண்ணை மட்டும் வைத்து அடுக்கு என்றால் 'அன்பு' முன்னால் வரும், 'அப்பா' பின்னால் வருவார். ஏனென்றால் ஒருங்குறியில் 'ன' என்பது 'ந'வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, நம் எழுத்து வரிசையான நெடுங்கணக்கில் அது கடைசி. 'ற'வும் அப்படித்தான், 'ர'வின் பக்கத்து வீடு. இதைவிட மோசம் புள்ளி. 'அக்கா' என்று எழுதும்போது கணினிக்குள் அது அ, க, புள்ளி, க, துணைக்கால். அந்தப் புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் அடுத்தது. ஆகவே அகம், அகிலம், அகோரம் எல்லோரும் போன பிறகுதான் அக்கா வருவார். அச்சு அகராதியில் அக்காதான் முதலில். இதைத் திருத்தும் விதிகள் இன்று நல்ல மென்பொருள்களில் உண்டு. ஆனால் யாரோ ஒருவர் விரிதாளில் பட்டியலைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கி அனுப்பிவிடுவார், அப்புறம் ஒரு வாரம் போச்சு.

வகுப்பறைச் சாளரம்:

நான் அகராதி எழுதுபவள் அல்ல, திறப்பவள். இருபது ஆண்டு தமிழ் வகுப்பு எடுத்த கோபத்தோடு கேட்கிறேன். 'ஒரு வகை மரம்' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? மரம் என்று பிள்ளைக்கே தெரியும், அதனால்தான் எந்த மரம் என்று அகராதியைத் திறக்கிறான். மீனா, 'ஒரு வகை மீன்'. பறவையா, 'ஒரு வகைப் பறவை'.

இன்னொரு வியாதி, சுற்றிச் சுற்றி வருவது. ஒரு பதிப்பகம் மாணவர்களுக்காகப் போட்ட கையடக்க அகராதியில் 'ஏக்கம்' என்றால் 'தாபம்'. சரி, 'தாபம்' பார்த்தால் 'தாகம், ஏக்கம்'. ஒரு பையன் வகுப்பில் எழுந்து நின்று, 'டீச்சர், இரண்டு சொல்லும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு ஓடிவிட்டன' என்றான். அதே பதிப்பகத்தின் பெரிய அகராதியை வாங்கினேன். அதிலும் அதே வரிகள், அதே அச்சுப்பிழையோடு. அப்போதுதான் புரிந்தது, யாரும் எதையும் எழுதவில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுத்திருக்கிறார்கள்.

ஓலைநறுக்கு:

டீச்சரின் கோபம் நியாயம், ஆனால் 'ஒரு வகை மரம்' என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை வெறும் சோம்பல் என்று தள்ள முடியாது. (இப்போது அப்படி எழுதினால் சோம்பல்தான்.)

நம்மிடம் முதலில் இருந்தவை நிகண்டுகள். செய்யுளில் இருக்கும், மனப்பாடம் செய்வதற்கு. திவாகரத்தைப் பாருங்கள், பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள் வாரியாகப் பிரித்திருக்கும். மரப்பெயர்த் தொகுதிக்குள் வந்துவிட்டவருக்கு அது மரம் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. இந்த மரத்துக்கு இன்னும் என்னென்ன பெயர் என்பதே அங்கே செய்தி. அந்தச் சொற்களை அங்கிருந்து பிடுங்கி அகர வரிசையில் நட்டபோது கூட இருந்த தொகுதித் தலைப்பு உதிர்ந்துபோயிற்று. அதற்கு ஈடாக வந்ததுதான் 'ஒரு மரம்'.

சீட்டுக்கட்டு கவனிக்க வேண்டியது பதினோராவது தொகுதியை. 'ஒரு சொல் பல்பொருள்'. உங்கள் 'அடி' போன்ற ஆட்களுக்கென்றே தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தத் தலைவலி உங்களோடு தொடங்கியது அல்ல.

முதலெழுத்தை வைத்து அடுக்கும் வழக்கம் 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில் வருகிறது. அகரம் ஆதியாக என்பதால் அகராதி. அதற்கும் அப்போது செய்யுள் வடிவம்தான். 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. சதுர் என்றால் நான்கு: பெயர், பொருள், தொகை, தொடை. செய்யுளை விட்டு வெளியே வந்து, சொல்லுக்கு நேரே பொருள் என்று வைத்தது அது. அதன் பிறகு 1779-இல் பப்ரிசியஸ், 1842-இல் யாழ்ப்பாணத்து மானிப்பாய் அகராதி, 1862-இல் வின்சுலோ என்று ஓட்டம் எடுக்கிறது. வின்சுலோவில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள். அவர் ஒருவரே சேர்த்தது அல்ல, ஜோசப் நைட் என்ற பாதிரியார் தொடங்கி வைத்துப்போன சேகரம் அதற்கு அடியில் இருக்கிறது.

ஏட்டில் இருந்து சொல் எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஒரே ஒரு உதாரணம். பழைய ஓலைகளில் புள்ளி கிடையாது, அல்லது அரிதாக இருக்கும். துணைக்காலும் 'ர'வும் ஒரே கோடு. இப்போது ஓலையில் க, ஒரு கோடு, டு என்று மூன்று கீறல் இருக்கிறது. அது 'காடு'. 'கரடு' என்றும் படிக்கலாம். இரண்டும் நிலத்தைப் பற்றியதே, ஆகவே பாட்டின் பொருளும் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. எகர ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாததால் 'எரி'யும் 'ஏரி'யும் ஓலையில் ஒரே முகம். நெருப்பா, நீரா? யாப்பைப் பிடித்துப் பார்க்க வேண்டும், எதுகை இருந்தால் பிழைத்தோம். தவறாகப் படித்த ஒருவர் அதை ஒரு சொல்லாகக் குறித்துவைத்துவிட்டால் அடுத்த அகராதிக்காரர் அதை எடுப்பார், அதற்கு அடுத்தவரும். இருந்தே இராத ஒரு சொல் மூன்று அகராதியில் குடித்தனம் நடத்தும்.

நிரல்மாலை:

ஐயா சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு புகழ்பெற்ற உறவினர் உண்டு. 1934-இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில் 'டோர்ட்' என்று ஒரு சொல், பெயர்ச்சொல், பொருள் 'அடர்த்தி'. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தி என்பதற்குச் சுருக்கமாகப் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' போடலாம் என்று ஒருவர் சீட்டு எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் 'அல்லது' இரண்டெழுத்து. நான்கு எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லாகிவிட்டது. சுருக்கங்களின் கட்டில் போகவேண்டிய சீட்டு சொற்களின் கட்டில் போய்ச் சேர்ந்தது, யாரோ அதற்கு உச்சரிப்பும் போட்டுக் கொடுத்தார். 1939-இல் ஓர் ஆசிரியர் அதன் சொற்பிறப்பு எங்கே என்று தேடும்போதுதான் அகப்பட்டது. ஐந்து ஆண்டு.

டீச்சர் சொன்ன திருட்டுக்கும் ஒரு கதை. 2001-இல் நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியில் வேண்டுமென்றே ஒரு பொய்ச்சொல்லை வைத்தார்கள். 'எஸ்குவிவேலியன்ஸ்', வேலையைத் தட்டிக்கழித்தல் என்று பொருள். வேறு யாராவது அதை எடுத்துப் போட்டால் எங்கிருந்து எடுத்தார் என்று தெரிந்துவிடும் அல்லவா. பொருளையும் பாருங்கள், வேண்டுமென்றே குத்தியிருக்கிறார்கள்.

நேர்கோடு:

சரி, இயந்திர விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஏற்கனவே இருக்கும்போது எல்லோரும் மறுபடி மறுபடி ஏன் அகராதி எழுதுகிறீர்கள்? லட்சம் சொல் இருக்கிறதே. அதிலும் பல சொல்லுக்கு வடமொழி மூலம் காட்டி வைத்திருக்கிறார்கள், அதைத் திருத்தாமல்...

மட்டுறுத்துநர்:

வேர்ச்சொல் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவு தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே 'அடி'யோடு நிற்கவும்.

பழைய பிழைதிருத்தி:

மட்டுறுத்துநர் மன்னிக்க, சண்டைக்குள் போகாமல் இரண்டு வரி. அந்தக் குறையைச் சொன்னவர் தமிழறிஞர் தேவநேயப் பாவாணர், சொன்னதோடு நிற்கவில்லை. 1974-இல் அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார். 1981 ஜனவரியில் இறந்துபோனார். முதல் மடலம் (தொகுதி) 1985-இல்தான் அச்சானது. லெக்சிகனும் லேசில் வந்தது அல்ல. 1913-இல் சாண்ட்லர் தலைமையில் வேலை ஆரம்பம், 1926-இல் வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார், 1936-இல் ஆறாம் தொகுதி. ஆறிலும் சேர்த்து 1,04,405 சொல், பிறகு வந்த பின்னிணைப்பில் இன்னும் 13,357.

நேர்கோடு கேட்டதற்கு என் பதில்: லெக்சிகனின் எண்ணிக்கை அதன் பெருமை, ஆனால் எண்ணிக்கை வேறு விஷயம். இலக்கியத்தில் ஒரே ஒரு இடத்தில் வந்த சொல்லுக்கும் அதில் இடம் உண்டு, மேற்கோளோடு. 'போர் அடிக்கிறது' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்த மாதிரிப் பேச்சுக்காக எழுதியது அல்ல அது. பேசியும் எழுதியும் புழங்குகிற இன்றைய தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு தரவை வைத்து எழுதுவோம் என்று வந்தது 1992-இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 2008-இல் இரண்டாம் பதிப்பு. 2020-இல் மூன்றாம் பதிப்பு வந்த அதே நவம்பரில் அதைப் பதிப்பித்த க்ரியா ராமகிருஷ்ணன் கோவிட்டில் காலமானார். முரே நினைவுக்கு வருகிறார். ஆக்ஸ்போர்டு அகராதிக்கு அவர் 1879-இல் ஆசிரியரானபோது பத்து ஆண்டில் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1884-இல் வந்த முதல் பகுதி ஆங்கிலத்தில் எறும்பைக் குறிக்கும் சொல்லோடு நின்றது. முதலெழுத்தே முடியவில்லை. 1928-இல் முடிந்தபோது முரே இறந்து பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

வட்டாரச் சொல் என்றால் அது இன்னொரு உலகம். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வழக்குக்கு ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார், பெருமாள்முருகன் 2000-இல் கொங்குக்கு. பல்கலைக்கழகம் செய்யவேண்டியதை எழுத்தாளர்கள் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

சீட்டுக்கட்டு:

எறும்புக் கதையை எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். ஒருவர் கூடச் சிரிக்கவில்லை.

குவியல் இப்போது பதின்மூன்று. பன்னிரண்டுக்குப் பொருள் எழுதிவிட்டேன். 'அரட்டை அடி', 'கும்மாளம் அடி', 'காப்பி அடி' போன்றவற்றில் 'அடி'க்கென்று தனிப்பொருள் ஒன்றும் இல்லை, முன்னால் இருக்கும் பெயரை வினையாக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதை அப்படியே குறிப்பாகப் போட்டுவிட்டு, எந்தெந்தப் பெயரோடு வரும் என்று பட்டியல் கொடுத்துவிட்டேன். 'பெயரை அடி' விவகாரத்தை இரண்டு எண்ணாகப் பிரித்து, இரண்டிலும் 'பெயர்' வரும் உதாரணமே வைத்தேன், பிள்ளைகள் தடுமாறினால் அங்கேயே தடுமாறட்டும்.

பதின்மூன்றாவதுதான் இழுக்கிறது. வெயில், காற்று, அனல், சாரல், நாற்றம். நான் எழுதியது: '(வெயில், காற்று முதலியவை) உணரும்படி வெளிப்படுதல்'. திருப்தி இல்லை.

வகுப்பறைச் சாளரம்:

'உணரும்படி வெளிப்படுதல்' என்றால் என் பையன் மறுபடி எழுந்து நிற்பான். அப்புறம், மழை ஏன் அடிப்பதில்லை என்றும் கேட்பான். மழை பெய்யும். தூறல் போடும். சாரல் அடிக்கும். பனி கொட்டும். மின்னல் வெட்டும். தமிழ் தெரிந்தவருக்கு இது காற்றுப்போல, கற்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை. பொருளைவிட இந்தப் பட்டியல்தான் அவர்களுக்கு வேண்டும்.

நிரல்மாலை:

காற்றில் ஒரு பொறி இருக்கிறது அக்கா. 'காற்று அடிக்கிறது' என்றால் வீசுகிறது. 'சைக்கிளுக்குக் காற்று அடித்தான்' என்றால் ஏற்றினான். அதே இரண்டு சொல். என் நிரல் இரண்டையும் ஒரே கட்டில் போட்டிருக்கும், சரிபாருங்கள்.

ஓலைநறுக்கு:

காய்ச்சலை விட்டுவிட்டீர்களே. 'எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது.' அது எந்தக் குவியல்? வெயிலோடு சேர்த்தால் இடிக்கிறது. வெயிலுக்கு 'எனக்கு' வராது, 'எனக்கு வெயில் அடிக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை.

பழைய பிழைதிருத்தி:

நல்ல பிடி. ஆனால் நடுவில் ஒருவர் நிற்கிறார், பாருங்கள்: குளிர். 'வெளியே குளிர் அடிக்கிறது' என்றும் சொல்கிறோம், 'எனக்குக் குளிர் அடிக்கிறது' என்றும் சொல்கிறோம். வெளியே இருப்பதும் உடம்பில் இருப்பதும் அந்த ஒரு சொல்லில் கைகோத்திருக்கின்றன. நானாக இருந்தால் ஒரே எண்ணாக வைத்து, உள்ளே அ, ஆ என்று இரண்டு கிளை விடுவேன். அ: வெளியே வீசுவது, 'எனக்கு' வராதது. ஆ: உடம்பில் தெரிவது, 'எனக்கு' வருவது. குளிருக்கு இரண்டிலும் உதாரணம்.

சீட்டுக்கட்டு:

குவியலைக் கலைத்துப் போட்டுப் பார்த்தேன், விழுந்துவிட்டது ஐயா! நாற்றம் கூட 'அ'வில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொண்டது. நிரல்மாலை சொன்னது உண்மை, வீசும் காற்றின் கட்டில் மூன்று சைக்கிள் இருந்தன.

13. அ. (வெயில், காற்று, சாரல், நாற்றம் போன்றவை) வந்து உடம்பில் படுதல் அல்லது மூக்குக்கு எட்டுதல். 'வாசலில் வெயில் அடிக்கிறது.' ஆ. (குளிர், காய்ச்சல் போன்றவை ஒருவருக்கு) உடம்பில் தெரிதல். 'குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் அடிக்கிறது.'

நேர்கோடு:

'எனக்குப் போர் அடிக்கிறது' எங்கே வரும்? 'எனக்கு' வருகிறது, ஆனால் உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே.

ஓலைநறுக்கு:

அதைப் போடும்போது யானை கட்டிப் போரடித்தவர்களையும் மறந்துவிடாதீர்கள். அந்தப் போர் கதிர்க்குவியல், அடித்தது நெல் உதிர. இந்தப் போர் ஆங்கிலத்தில் இருந்து வந்தது. எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

சீட்டுக்கட்டு:

நேர்கோடு, உங்களை இந்த இழைக்குள் விட்டது யார்? 'ஆ'வில் 'உடம்பில்' என்பதை 'உடம்பிலோ மனத்திலோ' என்று மாற்றியிருக்கிறேன். நெல் அடிக்கும் போர் தாக்குதல் குவியலில், தனி உதாரணமாக. ஆசிரியர் நாளை பார்ப்பார்.

அடுத்து எனக்கு வரும் பெரிய சொல் 'அடை'. கதவை அடைத்தான், ஊரை அடைந்தான், கடனை அடைத்தான், காது அடைக்கிறது. குவியல் போட்டுவிட்டு வருகிறேன்.